மறுசோறு போதும் என்று எப்படிச் சொல்வது?

"லாத்தா, இந்தப் பெருநாளைக்கு அவன் ஆம்பளைங்க சஹன்லதான் உக்காரணும்னு அவன் வாப்பா சொல்லிட்டாங்க. எனக்கு இப்பவே வயித்தக் கலக்குது."

2025 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சென்னையிலிருந்து தங்கை போனில் இப்படிச் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் கலக்கத்தான் செய்தது. அவள் மகனுக்கு 9 வயது. ஸ்பூன் இல்லாமல் சாப்பிடமாட்டான். எதிரில் போன் ஓடவில்லையென்றால் வாய் திறக்காது. ஆணம் (குழம்பு) தனியாக இருக்கவேண்டும், சோறு தனியாக இருக்கவேண்டும், இரண்டும் தொட்டுக்கொண்டால் தட்டையே தள்ளிவிடுவான். இவனைக் கொண்டுபோய், நாலு பேர் கை வைக்கும் ஒரே தட்டில், அதுவும் எங்கள் உம்மாவின் காக்கா (அண்ணன்) பக்கத்தில் உட்கார வைப்பதா? அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அதிகம் பேசமாட்டார், எல்லாவற்றையும் பார்ப்பார்.

"அனுப்பி வை, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். எந்தப் பிள்ளையையும் மூன்று நாளில் வழிக்குக் கொண்டுவரலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

கீழக்கரைக்காரர்களுக்குச் சஹன் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது அரபுச் சொல், பெரிய வட்டத் தட்டு. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் கல்யாணம், பெருநாள் என்றால் பாயை விரித்து, அதன்மேல் சாப்பாட்டு விரிப்பான சுப்ராத் துணியைப் போட்டு, நடுவில் சஹனை வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். எங்கள் வீட்டுக் கணக்கு, பெரியவர்கள் என்றால் ஒரு சஹனுக்கு நாலு பேர், பிள்ளைகள் என்றால் ஐந்து. உம்மாவிடம் ஈயம் பூசிய செம்புச் சஹன் இரண்டு இருக்கிறது. இப்போதெல்லாம் ஈயம் பூச ஆள் கிடைப்பதில்லை என்பதால் அவை பரணில் ஏறிவிட்டன. புழக்கத்தில் இருப்பதெல்லாம் எவர்சில்வர்.

ஆண்கள் வெளித் திண்ணையிலும் முன் ஹாலிலும், பெண்கள் உள்ளே. சின்னப் பிள்ளைகள் எங்களோடு உள்ளே, தனிச் சஹனில். அந்தப் பிள்ளைச் சஹன்தான் எங்கள் ஊரின் முதல் பள்ளிக்கூடம் என்பேன். மூன்று வயதில் அதில் உட்காருகிற பிள்ளை, எதிரில் உட்கார்ந்த மச்சி தன் பக்கம் கை நீட்டினால் கத்தும், அவள் பக்கம் தான் நீட்டினால் குட்டு வாங்கும். இரண்டு மூன்று பெருநாள் போனால் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாம் வந்துவிடும்.

தங்கை மகனுக்கு அது வாய்க்கவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. 2020 மே 25 நோன்புப் பெருநாள் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல் மூடிக் கிடந்தது, பெருநாள் தொழுகையையே வீட்டில் தொழுதோம். சஹனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு தட்டில் சாப்பிட்டோம். அவனுக்கு அப்போது 4 வயது. அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கப்புறம் ஒரு பெருநாளைக்கு அவர்கள் வரவில்லை, ஒரு பெருநாளைக்கு அவனுக்குக் காய்ச்சல். பிள்ளைச் சஹனில் உட்காரவேண்டிய வருஷங்களில் அவன் கேட்டதெல்லாம் "தொடாதே, கழுவு, தள்ளி நில்லு" என்பதுதான்.

வியாழக்கிழமை காலை ராமநாதபுரத்தில் ரயில் இறங்கி, பசியாறுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இடியாப்பமும் விளமீன் ஆணமும். மீன்பிடித் தடைக்காலம் அப்போது முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. வல்லம் என்கிற நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான், விலையும் அதற்கேற்ப. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளமீனை அவன் ஸ்பூனால் குத்திப் பார்த்துவிட்டு, "பெரியும்மா, கார்ன்ஃப்ளேக்ஸ் இருக்கா?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் முதல் வேளையே ஆரம்பித்தால் பிள்ளை மிரண்டுவிடும்.

சாயங்காலம் மொட்டைமாடியில் வைத்துப் பேச்சைத் தொடங்கினேன். சனிக்கிழமை நீ பெரிய ஆள் மாதிரி ஆம்பளைங்களோட உட்காரப் போறே, ஒரே தட்டு, தெரியும்ல? அவன் முகம் சுருங்கியது. "அது எச்சில் இல்லையா பெரியும்மா? ஸ்கூல்ல ஷேர் பண்ணாதேன்னு சொல்லியிருக்காங்க."

இந்தக் கேள்விக்கு "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைப்பது சுலபம். என் உம்மாவாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. எச்சில் படாமல் ஒரே தட்டில் சாப்பிட முடியும், அதற்குத்தான் இத்தனை ஒழுங்கும் என்றேன். வாயில் வைத்ததைத் திரும்பத் தட்டில் வைக்காதே. கவளத்தை விரல் நுனியில் எடு, உள்ளங்கை நனையக்கூடாது. வாய்க்குள் விரலைத் திணிக்காதே. கையைத் தட்டுக்கு மேலே உதறாதே. இருமல் தும்மல் வந்தால் முகத்தை வெளியே திருப்பு. காய்ச்சல் சளி இருந்தால் சஹனில் உட்காராதே, தனித் தட்டு கேள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். எல்லாரும் இப்படிச் சாப்பிட்டால் யார் எச்சிலும் யாருக்கும் வராது.

கொஞ்ச நேரம் யோசித்தான். "எல்லாரும் இப்படியே சாப்பிடுவாங்களா?" என்றான். மாட்டார்கள். எனக்கே இரண்டு பேர் முகம் கண்முன் வந்தது. சரி, அதை அவனிடம் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஹதீஸைச் சொன்னேன். நபிகள் நாயகம் அவர்களின் வளர்ப்பில் இருந்த ஒரு சிறுவன், உமர் இப்னு அபீசலமா. சாப்பிடும்போது அவன் கை தட்டு முழுக்கச் சுற்றித் திரியும். நபியவர்கள் அவனிடம் மூன்றே விஷயம் சொன்னார்கள்: பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு முன்னால் இருப்பதிலிருந்து சாப்பிடு. மதரசாவில் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் பிடித்தது வேறு. இது நடந்ததைப் பின்னாளில் சொன்னதே அந்தச் சிறுவன்தான், அதற்கப்புறம் நான் அப்படியேதான் சாப்பிட்டு வருகிறேன் என்று. திட்டி, தட்டிலிருந்து எழுப்பி விட்டிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. கூட உட்கார்ந்து சாப்பிடும்போதே, சுருக்கமாக, ஒரே ஒரு தடவை.

இதையெல்லாம் நன்றாக உணர்ந்தவள்தான் நான். அப்படியும் அன்று ராத்திரி ஒரு நோட்டுத் தாளில் 11 விதிகளை எழுதி வரிசை எண் போட்டுக்கொண்டேன். டியூஷன் புத்தி.

வெள்ளிக்கிழமை அரஃபா நோன்பு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் வைப்பது. பெரியவர்கள் எல்லாரும் நோன்பு என்பதால் பகலில் பயிற்சிக்குப் பிள்ளைகள் மட்டும்தான். அவன், அவன் தங்கை, என் சின்னக்கா மகள் இருவர். ஒரு சின்னச் சஹனில் தயிர்ச்சோற்றைக் குவித்து, மேலே பருப்பாணம் ஊற்றி வைத்தேன். நோன்பு வாயோடு நான் பக்கத்தில், கையில் தாளோடு.

முதல் பிரச்சினை, தன் பக்கம் எது என்பது. சதுரத் தட்டாக இருந்தால் மூலை காட்டலாம், வட்டத்தில் எங்கே காட்டுவது? தர்ப்பூசணியை வெட்டுகிற மாதிரி நாலு கீற்றாக நினைத்துக்கொள், உன் கீற்று அகலமாகத் தொடங்கி நடுவில் கூர்மையாக முடியும் என்றேன். சின்னவர்களுக்கு உடனே பிடிபட்டது. இரண்டாவது பிரச்சினை கொஞ்சம் நுணுக்கமானது. பையன் தன் கீற்றின் அடியில் குடைந்துகொண்டே போனான். மேலே இருந்த சோறு சரிந்து, பருப்பாணம் மொத்தமும் அவன் பக்கம் ஓடிவந்துவிட்டது. எதிரே இருந்தவளுக்கு வெறும் தயிர்ச்சோறு. அவள் அழ ஆரம்பித்தாள்.

"கண்மாய்க் கரையை உடைக்காதே" என்றேன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற வார்த்தை அது.

"கண்மாய்னா?"

ராமநாதபுரத்து ரத்தம், கண்மாய் என்றால் என்னவென்று கேட்கிறது! ஏரி மாதிரி, மழைத்தண்ணியைத் தேக்கி வைக்கிற இடம், ஒருத்தன் கரையை உடைத்தால் தண்ணி முழுக்க அவன் வயலுக்குப் போய்விடும், மற்றவன் வயல் காயும் என்று விளக்கினேன். இந்த மாவட்டத்தில் கண்மாய்த் தண்ணீருக்கு நடந்த சண்டையையெல்லாம் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும். ஆனால் இந்த ஒன்று அவனுக்கு நன்றாக ஏறியது. அதற்கப்புறம் ஆணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கரை உடையாமல் பிசைந்தான். ஆணமும் சோறும் தொட்டுக்கொண்டதை அவன் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன், மூச்சு விடவில்லை.

நடுவிலிருந்து எடுக்காதே, ஓரத்திலிருந்து எடு, பரக்கத், அதாவது இறைவனின் அருள்வளம், நடுவில்தான் இறங்கும் என்றேன். "அப்ப நடுவுல இருக்கிறது யாருக்கு?" என்று கேட்டான். கடைசியில் எல்லாருக்கும் வரும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

தண்ணீர் குடிப்பது இன்னொரு பாடம். வலது கை முழுக்கச் சோறு. டம்ளரை இடது கையால் பிடித்து, வலது மணிக்கட்டின் வெளிப்புறத்தை அடியில் அணை கொடுத்துக் குடிக்கவேண்டும். டம்ளரில் பருக்கை ஒட்டாது, வலது கையும் பட்டதாகிவிடும். இதை மட்டும் நாலு பிள்ளைகளும் விளையாட்டாக இருபது தடவை செய்தார்கள். வீட்டில் தண்ணீர்ப் பானை காலி.

அவன் தங்கைக்கு 6 வயது, இடது கைக்காரி. எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது. சாப்பிடுவதை மட்டும் வலது கைக்கு மாற்றியிருக்கிறாள், அதுவும் அவள் உம்மா பொறுமையாக இரண்டு வருஷம் எடுத்துச் செய்தது. நடுவில் மறந்து இடது கை வந்தால் நான் மெதுவாக அவள் இடது உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துவிடுவேன், கடைசியில் தின்னலாம் என்று. பிடித்துக்கொண்டே இருப்பாள். எங்கள் காலத்தில் இடது கையில் சூடு வைப்பேன் என்று மிரட்டுவார்கள். பேரீச்சம்பழம் மலிவு.

கறி விஷயத்துக்கு என் சொந்தக் கதையைச் சொன்னேன். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு பெருநாள், பிள்ளைச் சஹனில் ஐந்து பேர், சோற்றுக்கு மேலே நாலு முட்டை. ஆக்குகிறவர்கள் கணக்கில் ஏதோ பிசகு. எல்லாரும் பிஸ்மில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் என் கை ஒரு முட்டையைத் தூக்கிவிட்டது. கடைசியில் முட்டை இல்லாமல் போனது, புதிதாக விருந்துக்கு வந்திருந்த ஒரு பிள்ளைக்கு. என் உம்மம்மா பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கறி ஆக்கியதும் என்னைக் கூப்பிட்டு, "நீதான் இன்னைக்குப் பங்கு வைக்கணும். பங்கு வைக்கிறவ கடைசியா எடுக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான். ஐந்து பங்கையும் ஒரே அளவாக வைக்க நான் பட்ட பாடு! எலும்பை மாற்றி, கொழுப்பை மாற்றி, தராசு கேட்காத குறை. ஏனென்றால் எது சின்னதோ அதுதான் எனக்கு வரும். அன்றைக்குப் பிறகு முட்டையைப் பார்த்தால் நான் முதலில் தலையைத்தான் எண்ணுவேன்.

வெள்ளி மாலை நோன்பு திறக்கும்போது இவனிடமும் அதே வேலையைக் கொடுத்தேன். ஆறு பேருக்கு எட்டு வடை. அவன் ஆளுக்கொன்று வைத்துவிட்டு மீதி இரண்டையும் ஸ்கேல் கேட்டு அளந்து ஆறாக வெட்டினான். கஞ்சி ஆறிப்போனது. பரவாயில்லை.

நடுவில் ஒரு விஷயம். இதெல்லாம் எங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கவேண்டாம். திருப்புல்லாணியில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு, பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். வருஷா வருஷம் பொங்கலுக்கு என் பிள்ளைகளைக் கூப்பிட்டு இலை போடுவாள். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் வரவேண்டும், பரிமாறி முடிப்பதற்குள் கை வைக்கக்கூடாது, சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கம் மடிக்கவேண்டும், பந்தியில் மற்றவர்கள் முடிக்காமல் எழுந்திருக்கக்கூடாது என்று அவள் மாமியார் என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். "கடைசி விஷயம் நம்ம வீட்டிலயும் அதேதானே உம்மா" என்று அவன் வந்து சொன்னான்.

அந்தக் கடைசி விஷயம்தான் என் தாளில் 11ஆம் விதி. பெரியவர்கள் கையை எடுப்பதற்கு முன் நீ கையை எடுக்காதே. காரணமும் சொன்னேன். நீ முதலில் எழுந்தால், பசி தீராதவர் கூட வெட்கப்பட்டு எழுந்துவிடுவார். அதனால் வயிறு நிறைந்தாலும் மெதுவாகக் கொறித்துக்கொண்டு இரு. மற்ற பத்தை மறந்தாலும் இதை மறக்காதே என்று மூன்று தடவை சொன்னேன். லஞ்சமும் பேசினேன். ஒழுங்காக நடந்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமை பாம்பன் புதுப் பாலத்துக்குக் கூட்டிப் போவேன்.

சனிக்கிழமை, ஜூன் 7. தொழுகை முடிந்து, குர்பானி முடிந்து, கறியை மூன்று பங்காக்கி, சொந்தக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போகவேண்டிய பைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பி, எல்லாரும் உட்காரும்போது மணி 2 ஆகிவிட்டது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அதனால் பெருநாள் என்றால் உம்மா இருக்கிற வீட்டில் அத்தனை பேரும் கூடுவார்கள். அன்றைக்குத் திண்ணையில் மட்டும் நாலு சஹன்.

நெய்ச்சோறு, ஆட்டுக்கறி ஆணம், தாள்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, வெங்காயத் தயிர், பொரித்த கோழி, தலைக்கொரு முட்டை (எண்ணிவிட்டேன்), கடைசியில் வட்டிலப்பம்.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன், பெரியவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது. எந்தப் பிள்ளையையும் விருந்தில் சும்மா உட்கார வைத்தால் கெட்டுப்போகும், கையில் ஒரு செம்பைக் கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இது என் அனுபவம். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் ஊற்றினான், அவன் மச்சான் முறைப் பையன் கீழே சட்டி ஏந்தினான். ஒருவர் கைலியில் கொஞ்சம் கொட்டியது, அவர் பெரிய மனசோடு பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் பக்கம் வாப்பா என்றால் தகப்பனார், அப்பா என்றால் தாத்தா முறை. உம்மாவின் காக்கா அவனுக்கு அப்பா. அந்தச் சஹனில் மற்ற இருவர், அவனுடைய வாப்பாவும் என் வீட்டுக்காரரும்.

நான் திரைக்குப் பின்னால். உள்ளே என் சஹனில் எனக்கு இடம் போட்டு வைத்திருக்க, "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒளிந்து நின்று வேடிக்கை பார்க்கிறவள் மற்றவர்களுக்குச் சாப்பாட்டு ஒழுக்கம் சொல்லித்தரக் கிளம்பிவிட்டாள். ஒத்துக்கொள்கிறேன்.

பையன் பிரமாதம். பிஸ்மில்லாஹ் சத்தமாகச் சொன்னான். கரையை உடைக்கவில்லை. எலும்பை ஓரத்தில் வைத்திருந்த தட்டில் போட்டான். டம்ளரை இடது கையில் பிடித்து மணிக்கட்டால் அணை கொடுத்தான். அப்பா கோழியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளியபோது ஒரு தடவை "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். சஹனில் போனை எடுத்தது அவனுடைய வாப்பாதான். மகன் சாப்பிடுவதை வீடியோ எடுக்கிறாராம், இடது கையில் போன், வலது கையில் கறி. 9 வயதுக்காரனுக்கு 11 விதி எழுதின நான், 40 வயதுக்காரருக்கு ஒன்று எழுத மறந்துவிட்டேன்.

அரை மணி நேரம் ஆனது. மற்ற சஹன்களில் கை எடுத்துவிட்டார்கள், வட்டிலப்பமும் போய்விட்டது. இந்தச் சஹனில் மட்டும் நடக்கிறது, நடக்கிறது, முடியவில்லை. அப்பாவுக்குப் பல் கிடையாது, மெதுவாகத்தான் சாப்பிடுவார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், பையன் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைக்கிறான். முகம் வெளிறி, வயிறு முன்னால் தள்ளி, கண் அப்பாவின் கையிலேயே இருக்கிறது. அப்பாவோ அவனையே பார்க்கிறார். பிள்ளை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பசி தீரவில்லை போல என்று தன் கையை எடுக்காமல், இல்லாத ஒரு பருக்கையைத் தேடித் தேடி எடுக்கிறார். நடுவில் இருந்த சோற்றைத் தன் பக்கம் இழுக்காமல் அவன் பக்கமே தள்ளித் தள்ளி விடுகிறார். பரக்கத் மொத்தமும் அவன் தலையில். அவன் எடுக்காமல் அவர் எடுக்கமாட்டார், அவர் எடுக்காமல் அவன் எடுக்கமாட்டான். மற்ற இருவரும் இவர்கள் இருவரும் முடிக்காமல் எப்படி எழுவது என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

பரிமாறுகிற பையன் வேறு வந்து, "மறுசோறு வைக்கட்டுமா?" என்றான். யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு அகப்பை விழுந்துவிட்டது. விழுந்தது யார் கீற்றில் என்று சொல்லவேண்டுமா?

நான் திரைக்குப் பின்னால் இரண்டு தடவை இருமினேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று சைகை காட்டினார்.

அப்போதுதான் பையன் நிமிர்ந்து, அழுகை வருகிற குரலில், திண்ணை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான். "அப்பா, நீங்க எப்ப முடிப்பீங்க?"

ஒரு நொடி யாரும் பேசவில்லை. என் தங்கை உள்ளே தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா அவனைப் பார்த்தார். "நான் அப்பவே முடிச்சிட்டேனே வாப்பா. நீ முடிக்கலைன்னுல்ல உக்காந்திருக்கேன்."

நாலு சஹன் ஆட்களும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். அவனுடைய வாப்பாவுக்கு மட்டும் அவமானம். "பெரியவங்ககிட்ட இப்படியாடா கேப்பே?" என்று குரலை உயர்த்தினார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். இங்கே ஒரு வார்த்தை. பிள்ளையைச் சபையில் வைத்துத் திட்டுவதைவிட மோசமான சாப்பாட்டுப் பழக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது. பருக்கை சிந்தியதெல்லாம் மறந்துபோகும், அத்தனை பேர் நடுவில் திட்டு வாங்கியது நாற்பது வருஷத்துக்குப் பிறகும் நெஞ்சில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் பெருநாள் விருந்தே கசக்கும்.

அப்பா அவன் முதுகைத் தட்டி, "வயிறு நிறைஞ்சா அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லி, எனக்குப் போதும், நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். தெரியாதா?" என்று கேட்டார்.

"பெரியும்மா அதைச் சொல்லித் தரலை" என்றான்.

உண்மைதான். 11 விதியிலும் அது இல்லை. எப்படி உட்காருவது, எப்படி எடுப்பது, எப்படிக் காத்திருப்பது எல்லாம் எழுதினேன், எப்படி நிறுத்துவது என்று எழுதவே இல்லை. யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. இந்தக் கரையோர விருந்துகளில் "போதும்" என்ற சொல்லுக்கு மரியாதை குறைவு. போதும் என்றால் "இவ்வளவுதானா? ஆக்கினது பிடிக்கலையா?" என்பார்கள். இன்னும் ஒரு அகப்பை வைப்பதுதான் அன்பு. பிள்ளைகளை அப்படித் திணற வைத்துவிட்டு, தட்டில் மிச்சம் வைத்தால் வீண் விரயம் என்று அதற்கும் திட்டுவோம். இந்தத் தடவை உள்ளே பெண்கள் பக்கத்தில் நான் இதைப் பேச்செடுத்தேன், சண்டை வந்தது. அது தனிக் கதை.

வட்டிலப்பத்தை அவன் தொடவே இல்லை. அவன் தங்கை, இடது கையில் பேரீச்சம்பழத்தைப் பிடித்தபடியே இரண்டு பங்கு தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி பாம்பன் போனோம். சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி எல்லாரும் ரயில் பாலத்தைப் பார்த்தோம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்திருந்தார்கள். பக்கத்திலேயே 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம் சும்மா நின்றது. பழையதில் கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் கை விரிக்கிற மாதிரித் திறக்கும், புதியதில் 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும் என்று எல்லா விவரமும் அவன்தான் எனக்குச் சொன்னான். ஒரு மணி நேரம் நின்றோம். கப்பலும் வரவில்லை, ரயிலும் வரவில்லை. காற்று மட்டும் அடித்துத் தள்ளியது.

வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி இரண்டு பேரும் தின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியும்மா, அடுத்த பெருநாளைக்கும் நான் அந்த அப்பா பக்கத்துலயே உக்காரலாமா?" என்றான்.

"ஏன்? இந்தத் தடவை பட்டது பத்தாதா?"

"அவங்க மெதுவா சாப்பிடுறாங்க. யாரும் என்னைச் சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லலை." ஒரு கடலையை உடைத்து ஊதினான். "ஆனா அகப்பையைப் பார்த்த உடனே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிடுவேன்."